நெய் உறைவதும் நம்ம ஊர்க் குடும்பம் ஒன்றும்



டி.வி. வாங்கும்போது எல்.சி.டி. என்கிறோமே, அதில் இருப்பது திரவப் படிகம். அதன் வரலாற்றில் நம் காவிரிக் கரைக்கும் பங்கு உண்டு.

1888-ல் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கொலஸ்டிராலிலிருந்து செய்த ஒரு பொருளைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. திரவம் போல ஓடும், படிகம் போல ஒழுங்கும் இருக்கும். அந்த இடைநிலைதான் திரவப் படிகம்.

அதே 1888-ல் திருவானைக்காவலில் பிறந்தவர் சர் சி.வி.ராமன். முன்னோர் தஞ்சை மாவட்டத்தில் நிலபுலம் வைத்திருந்தவர்கள். அவருடைய சகோதரி மகன் எஸ்.சந்திரசேகர். (நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு, அவர் ராமனின் அண்ணன் மகன்.)

திரவப் படிகம் என்றாலே குச்சி வடிவ மூலக்கூறுகள்தான் என்று உலகம் நினைத்திருந்த காலம். 1977-ல் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் சந்திரசேகரும், சதாசிவா, சுரேஷ் ஆகியோரும், தட்டு வடிவ மூலக்கூறுகளும் காசு அடுக்கியது போல நின்று திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். வெப்ப அளவீடு, நுண்ணோக்கி, எக்ஸ்ரே மூன்றாலும் சோதித்து, நம் நாட்டுப் 'பிரமாணா' இதழிலேயே வெளியிட்டார்கள். வெளிநாட்டார் அதைத் தேடிப் படித்தார்கள். பின்னாளில், பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் திரைகளுக்கு இந்தத் தட்டு மூலக்கூறுகள் உதவின.

திரைக்குள் இருக்கும் திரவம் குளிரில் கெட்டிப் படிகமாகிவிட்டால் திரை வேலை செய்யாது. ஆகவே படிகம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். உருக்கிய நெய்யைப் பாருங்கள். மெல்ல ஆறினால் சில இடங்களில் மட்டும் 'விதை' தோன்றி, நிதானமாக வளர்ந்து மணல் மணலாக உறையும். சட்டென்று குளிர்ந்தால் விதைகள் ஏராளம்; எதுவும் பெரிதாக வளராது, வழவழப்பாக இருக்கும்.

இன்னும் வேகமாகக் குளிரவைத்தால், திரவப் படிகம் உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கும். இதுதான் மீக்குளிர்வு. அதிகக் குளிரில் விதை பிறக்கும். ஆனால் மூலக்கூறுகள் நகர முடியாததால் வளராது. சாதாரணக் கருவி மெதுவாகக் குளிர்விப்பதால், நாம் பார்க்குமுன் பல பொருள்கள் உறைந்துவிடும். இன்றைய அதிவேக வெப்ப அளவிகள், சில்லின் மேல் தூசி அளவு பொருளை வைத்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான டிகிரி குளிரவைக்கின்றன. வேண்டிய வெப்பநிலையில் நிறுத்தி, விதை எப்போது பிறக்கிறது, எப்போது வளர்கிறது என்று தனித்தனியே அளக்கலாம்.

வீட்டுப்பாடம்: இரண்டு டம்ளரில் உருக்கிய நெய். ஒன்றை அடுப்பு மேடையில் ஆறவிடுங்கள், இன்னொன்றை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். பேரப்பிள்ளைகள் தொட்டுப் பார்த்து வித்தியாசத்தைச் சொல்லட்டும். விடையைக் கீழே எழுதுங்கள்.