கப்பல் இல்லாத கடற்கொள்ளையர்: சிறுமுதலீட்டுக் கடற்சாகசப் படங்களின் வளர்ச்சி, 1945–1965

கடற்கொள்ளையர் படம் எடுக்க முனையும் தயாரிப்பாளருக்கு முதல் சிக்கல் கப்பல்தான். நாயகனின் சம்பளத்தைக்கூடப் பேசிக் குறைத்துவிடலாம். மூன்று பாய்மரமும் பீரங்கி வரிசையும் கொண்ட ஒரு கப்பலைக் குறைத்துக் கட்ட முடியாது. கட்டி முடித்தாலும் காற்றும் அலையும் படப்பிடிப்பு அட்டவணைக்குக் கட்டுப்படா. இந்தச் செலவைத் தாங்க வலுவில்லாத நிறுவனங்கள் 1945க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் கடற்கொள்ளையர் படங்களை விடாமல் எடுத்தன. திரைப்பட வரலாறுகள் பெரும்பாலும் இவற்றை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அந்தப் புறக்கணிப்பு நியாயமற்றது. பணமின்மை இப்படங்களில் வெறும் குறையாக நின்றுவிடவில்லை. கதையைக் கடலிலிருந்து கரைக்கு இழுத்து வந்தது. முகம், குரல், வாள் ஆகிய மூன்றின் மேல் அதை நிறுத்தியது. இவை தரும் எளிய இன்பமும் அந்த மாற்றத்தில்தான் பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கடன் வாங்கிய கடல்

சிக்கனம் ஏழை நிறுவனங்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1935இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘கேப்டன் பிளட்’, எரோல் ஃபிளின்னை ஒரே நாளில் நட்சத்திரமாக்கிய படம். ரஃபேல் சபாட்டினியின் நாவலைத் தழுவி மைக்கேல் கர்டிஸ் இயக்கிய அதற்கு ஏறத்தாழ 12 லட்சம் டாலர் செலவானது. அக்காலத்தில் அது பெருந்தொகை. அப்படியிருந்தும் அதன் கடற்போரில் கணிசமான பகுதி தொட்டி நீரில் மிதந்த சிறு மாதிரிக் கப்பல்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. 1924இல் ஃபிராங்க் லாய்ட் முழு அளவுக் கப்பல்களை வைத்து எடுத்த ‘தி சீ ஹாக்’ என்ற மௌனப் படத்தின் காட்சிகளும் இடையில் ஒட்டப்பட்டன. பதினொரு ஆண்டுப் பழைய மௌனப் படத்தின் அலைகளுக்குக் கோர்ன்கோல்டின் இசை புது உயிர் கொடுத்தது. பார்வையாளர்களுக்கு ஒட்டு தெரியவில்லை, தெரிந்தவர்களும் பொருட்படுத்தவில்லை.

இந்த வழி பின்னர் பலருக்கும் நெடுஞ்சாலையானது. யுனிவர்சல் நிறுவனம் 1952இல் ஃபிளின்னையும் மொரீன் ஓஹாராவையும் வைத்து எடுத்த ‘அகெய்ன்ஸ்ட் ஆல் ஃபிளாக்ஸ்’ படத்தை 1967இல் ‘தி கிங்ஸ் பைரேட்’ என்று மீண்டும் எடுத்தபோது, பழைய படத்தின் கப்பல் காட்சிகளையே திரும்பப் பயன்படுத்தியது. நடிகர்கள் மாறினார்கள், கடல் மாறவில்லை.

ஒரு நடிகரின் முகம்

1945இல் பெனடிக்ட் போகாஸ் என்ற தனித் தயாரிப்பாளர் எடுத்த ‘கேப்டன் கிட்’ இவ்வகையின் நல்ல தொடக்கப்புள்ளி. வரலாற்றுக் கிட், 1698இல் கொச்சிக் கடற்கரைக்கு அப்பால் ‘கெடா மெர்ச்சன்ட்’ என்ற சரக்குக் கப்பலைக் கைப்பற்றியவர். 1701இல் லண்டனில் தேம்ஸ் கரையில் தூக்கிலிடப்பட்டவர். படம் அந்தக் கப்பலின் பெயரையும் இந்தியச் செல்வத்தையும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தன் போக்கில் புனைகிறது. கருப்பு வெள்ளைப் படம், நெருக்கமான அறைகள், கொஞ்சம் மாதிரிக் கப்பல், அவ்வளவே. ஆனால் கிட்டாக நடித்தவர் சார்ல்ஸ் லாட்டன். பிரபுவாக உயரத் துடிக்கும் இந்தக் கொள்ளையன், மேட்டுக்குடி நடையுடை பாவனைகளைக் கற்றுத் தரச் சம்பளத்துக்கு ஒரு பணியாளை அமர்த்துகிறான். கூட்டாளிகளைத் தீர்த்துக்கட்டும்போதெல்லாம் பட்டியலில் ஒரு பெயரை அடிக்கிறான். கடற்போர் தர வேண்டிய பதற்றத்தை லாட்டனின் தடித்த உதடுகளும் பாதி மூடிய கண்களும் தருகின்றன. அமெரிக்கக் காப்புரிமை புதுப்பிக்கப்படாததால் இப்படம் பொதுவுடைமையானது. அதனாலேயே மங்கிய பிரதிகள் மலிந்து, இது தரம் குறைந்த படம் என்ற எண்ணமும் நிலைத்துவிட்டது.

1948 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பு, பெரிய ஸ்டுடியோக்கள் திரையரங்குகளைக் கையில் வைத்திருந்த முறையை உடைத்தது. தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் வந்தது. ஒரே சீட்டில் இரண்டு படம் காட்டும் அரங்குகளுக்கு, குறைந்த விலையில் வண்ணமும் சண்டையும் தரும் படங்கள் தேவைப்பட்டன. அந்த இடத்தைக் கொலம்பியா நிறுவனத்துக்காகப் படம் எடுத்துக்கொடுத்த சாம் கட்ஸ்மன் நிரப்பினார்.

கட்ஸ்மனின் சிக்கனத்தைப் புரிந்துகொள்ளப் பால் ஹென்ரீட்டின் திரைவாழ்வைப் பின்தொடர்ந்தால் போதும். ‘காஸாபிளாங்கா’வில் எதிர்ப்பியக்கத் தலைவராக நடித்த அவர், 1945இல் ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் டெக்னிகலர் படமான ‘தி ஸ்பானிஷ் மெயின்’இல் கடற்கொள்ளையரானார். 1947இல் ஹாலிவுட் கலைஞர்கள் மீதான அரசியல் விசாரணையை எதிர்த்து வாஷிங்டன் சென்றவர்களில் அவரும் ஒருவர். அதன்பின் பெரிய வாய்ப்புகள் சுருங்கின. 1950இல் கட்ஸ்மன் அவருக்கு ‘லாஸ்ட் ஆஃப் தி பக்கனியர்ஸ்’ படத்தில் நியூ ஆர்லியன்ஸ் கடற்கொள்ளையன் ழான் லஃபீட் வேடம் கொடுத்தார். 1955இல் ‘பைரேட்ஸ் ஆஃப் டிரிப்போலி’ வந்தது. இடையில் இருவரும் சேர்ந்த ‘தீஃப் ஆஃப் டமாஸ்கஸ்’, 1948இன் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்துப் போர்க்காட்சிகளை வாங்கி ஒட்டிக்கொண்டது. பதினைந்தாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கோட்டை டமாஸ்கஸாக மாறியது. ஹென்ரீட்டின் முகத்திலோ பெரிய படத்துக்கும் சிறிய படத்துக்கும் வேறுபாடு இல்லை. அதே நேர்த்தி, அதே கண்ணியம். கைவிடப்பட்ட ஒரு நல்ல நடிகர் எந்தச் சலிப்பும் காட்டாமல் உழைப்பதைப் பார்ப்பது இப்படங்களில் எனக்குப் பெருமதிப்பை உண்டாக்குவது.

குரலுக்கு ராபர்ட் நியூட்டன். 1950இல் டிஸ்னி இங்கிலாந்தில் எடுத்த ‘டிரஷர் ஐலண்ட்’ படத்தில் லாங் ஜான் சில்வராக நடித்த நியூட்டன், தான் பிறந்த தென்மேற்கு இங்கிலாந்தின் நாட்டுப்புற உச்சரிப்பை மிகைப்படுத்திப் பேசினார். கடற்கொள்ளையர் என்றால் இப்படித்தான் பேசுவார்கள் என்று உலகம் இன்று நம்புவது அந்த ஒரு நடிகரின் தொண்டையிலிருந்து வந்தது. 1952இல் ‘பிளாக்பியர்ட் தி பைரேட்’, 1954இல் ஆஸ்திரேலியாவில் எடுத்த ‘லாங் ஜான் சில்வர்’ என்று அதே குரல் தொடர்ந்தது. செலவில்லாமல் ஒரு கப்பலையே மனத்தில் எழுப்பும் கருவி அது.

பெண் கையில் வாள்

புதுமைக்கு இடம் கொடுத்ததும் இந்த இரண்டாம் வரிசைதான். ஆன் போனி, மேரி ரீட் இருவரும் 1720இல் ஜமைக்காவில் விசாரிக்கப்பட்ட உண்மையான கடற்கொள்ளையர். 1724இல் வெளியான கேப்டன் சார்ல்ஸ் ஜான்சனின் நூல் அவர்களைப் புகழ்பெறச் செய்தது. 1951இல் ஜாக் டூர்னர் இயக்கிய ‘ஆன் ஆஃப் தி இண்டீஸ்’ படத்தில் ஜீன் பீட்டர்ஸ் கப்பல் தலைவியாக வந்தார். டூர்னர் 1940களில் மிகக் குறைந்த செலவில் நிழலையே மூலதனமாக்கித் திகில் படங்கள் எடுத்தவர். இங்கே கைக்கு வந்த டெக்னிகலரையும் அதே கட்டுப்பாட்டோடு கையாண்டார். இத்தாலியில் 1960இல் கியான்னா மரியா கனாலே ‘கடற்கொள்ளையரின் அரசி’யானார். அடுத்த ஆண்டு உம்பெர்ட்டோ லென்ஸியின் படத்தில் லிசா காஸ்டோனி, ஆணுடை தரித்த மேரி ரீட்டாக வந்தார்.

இத்தாலிய அலைக்கு வேர் எமிலியோ சல்காரி. 1862இல் வெரோனாவில் பிறந்த இந்த நாவலாசிரியர் போர்னியோவையும் வங்கத்தையும் கரீபியக் கடலையும் நூலகத்தில் உட்கார்ந்தே எழுதினார்; அவர் பயணம் செய்த கடல் ஏட்ரியாட்டிக் மட்டுமே. 1958இல் ‘ஹெர்குலிஸ்’ பெற்ற வெற்றிக்குப் பின் தசைவலு நாயகர்களுக்குப் புதுக் கதைகள் தேவைப்பட, ஸ்டீவ் ரீவ்ஸ் 1960இல் கடற்கொள்ளையன் மோர்கனாகவும் 1963இல் சல்காரியின் மலாய்க் கடற்கொள்ளையன் சண்டோகனாகவும் ஆனார். சண்டோகன் படத்தின் வெளிப்புறக் காட்சிகளுக்குக் காடும் ஆறும் தந்தது இலங்கை. மரியோ கோஸ்டாவின் ‘கோர்டன், கருங்கொள்ளையன்’ (1961) இவற்றுள் சிறந்தது. முன்னாள் அடிமையாக ரிக்கார்டோ மொண்டல்பான், மறைமுகமாக அடிமை வணிகம் நடத்தும் அதிகாரியாக வின்சென்ட் பிரைஸ். கதைக்கு அறச்சீற்றம் இருந்தால் அட்டைச் சுவர்களும் தாங்கும் என்பதற்கு அது சான்று.

ஆற்றில் நடந்த கொள்ளையர்

வாதத்தின் முழு வடிவம் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனத்தில் கிடைக்கிறது. டிராகுலா படங்களால் பெயர்பெற்ற ஹாமர், தேம்ஸ் கரையில் பிரே என்ற ஊரிலிருந்த சிறிய ஸ்டுடியோவில் இயங்கியது. கடற்கொள்ளையர் படம் வேண்டும், ஆனால் கப்பலுக்குப் பணமில்லை என்பதே 1962இன் ‘தி பைரேட்ஸ் ஆஃப் பிளட் ரிவர்’ படத்தின் தொடக்க நிபந்தனை. ஜிம்மி சாங்ஸ்டர் கதை எழுத, ஜான் கில்லிங் இயக்கினார். தீவொன்றில் ஹியூகனோ என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் குடியிருப்பு; அங்கே மறைந்திருக்கும் தங்கத்தைத் தேடி வரும் கொள்ளையர்; ஒற்றைக் கண்ணும் செயலிழந்த கையுமாகக் கிறிஸ்டோபர் லீ. கொள்ளையர்கள் கப்பலை விட்டிறங்கிக் காட்டில் நடக்கிறார்கள். பிளாக் பார்க் ஏரியின் சேற்று நீரே வெப்பமண்டல ஆறாக நடிக்கிறது. லீயும் ஆலிவர் ரீடும் மார்பளவு நீரில் நடந்தார்கள்.

கடலை இழந்ததால் படம் இறுக்கம் பெறுகிறது. ஊர்ப் பெரியவர்களின் மதக் கொடுமை உள்ளே, கொள்ளையரின் வாள் வெளியே. நடுவில் சிக்கிய இளைஞனாகக் கெர்வின் மாத்யூஸ். தேடிய தங்கம் ஊரை நிறுவியவரின் சிலையாகவே நிற்கிறது. அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு கொள்ளையர் காடு கடக்கும் இறுதிப் பகுதி, பல கடற்போர்களைவிடப் பரபரப்பானது. நடுவே ரீடும் பீட்டர் ஆர்னும் கண்களைக் கட்டிக்கொண்டு இரவில் வாள் வீசும் காட்சிக்குத் தேவைப்பட்டவை இரண்டு துணிப்பட்டைகள், இரண்டு வாள்கள், சுற்றி நிற்கும் முகங்கள். சிறுவர்களும் பார்க்கும் சான்றிதழுக்காக வன்முறை வெட்டப்பட்ட பிறகும் அக்காட்சியின் பயம் குறையவில்லை.

இரண்டு ஆண்டுகளில் டான் ஷார்ப்பின் ‘தி டெவில்-ஷிப் பைரேட்ஸ்’ படத்துக்கு ஹாமர் ஒரு முழுக் கப்பலைக் கட்டியது. சாங்ஸ்டர் அதற்கும் தக்க கதை செய்தார். 1588இல் ஸ்பானிய அர்மாடாவின் தோல்வியில் சேதமடைந்த கப்பல், பழுதுபார்க்க ஓர் ஆங்கிலச் சதுப்புநிலத்துக்குள் ஒதுங்குகிறது. ஸ்பெயின் வென்றுவிட்டது என்று பொய் சொல்லிக் கிராமத்தை ஆள்கிறார்கள் கொள்ளையர். கப்பல் இருக்கிறது, ஓட வேண்டிய தேவை அதிகம் இல்லை.

தமிழில் ஒரு கிளை

அடுத்த ஆண்டே, 1965இல், பி. ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளியானது. கலகக்காரனுக்கு மருத்துவம் செய்ததால் தண்டிக்கப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, கடற்கொள்ளையனாகும் வைத்தியன் மணிமாறனின் கதை, சபாட்டினியின் பீட்டர் பிளட் கதையேதான். தமிழ்நாட்டு அளவில் அது பெரிய முதலீட்டுப் படம். எனினும் வார்னரின் வசதிகள் எதுவும் இல்லாமல் எடுக்கப்பட்டது. முகம், குரல், வாள் என்ற கணக்கு அதற்கும் பொருந்தும்: எம்.ஜி.ஆரின் வாள்வீச்சு, கொள்ளையர் தலைவனாக வரும் நம்பியாரின் உறுமல், விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் இசை. 2014இல் டிஜிட்டல் வடிவில் மறுவெளியீடு கண்டபோதும் பேச்செல்லாம் நட்சத்திரங்களைப் பற்றியே இருந்தது. செட் போட்ட தச்சர்கள், கயிறு கட்டியவர்கள், சண்டைக் கலைஞர்கள் பக்கம் ஆய்வாளர்கள் திரும்ப வேண்டும். அத்தொழிலில் இருந்தவர்களும் அவர்களிடம் வேலை பழகியவர்களும் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யும் பணியைத் தமிழ்த் திரை ஆய்வு மாணவர்கள் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.