பொலன்னறுவை

பொலன்னறுவை இலங்கையின் வடமத்திய மாகாணத்திலுள்ள பழந்தலைநகர். அனுராதபுரம் வீழ்ந்தபின் 13ஆம் நூற்றாண்டு வரை தீவின் ஆட்சி பெரும்பாலும் இங்கிருந்தே நடந்தது. 1982இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைக் களமாக ஏற்றது.

இங்கிருந்து ஆண்ட சோழர் இந்நகருக்கு இட்ட பெயர் சனநாதமங்கலம். 1070இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். ஆயினும் அவர்கள் கட்டிய கோயில்கள் நிலைத்தன. சோழ மன்னன் ராஜராஜனின் அரசியார் பெயரைத் தாங்கிய வானவன்மாதேவி ஈச்சரம் (இன்று இரண்டாம் சிவ தேவாலயம்) முழுவதும் கல்லாலானது. அதனால்தான் விமானம்வரை சிதையாமல் நிற்கிறது. செங்கல்லில் எழுந்த இலங்காதிலகப் படிமக்கூடத்திலோ கூரையும் இல்லை, புத்தர் சிலையின் தலையும் இல்லை. தமிழ் வாசகர் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டியது வேளைக்காரர் கல்வெட்டு. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாகத் தமிழ்ப் படையினர் தமிழிலேயே பொறித்துத் தந்த உறுதிமொழி அது. இனம், சமயம் பற்றிய இன்றைய கோடுகளைக் கொண்டு அந்நகரை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று அங்கே இல்லை.

முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்தில் நகரம் உச்சம் தொட்டது. பராக்கிரம சமுத்திரம் என்னும் பெருங்குளம் இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது. ஒரே பாறை முகப்பில் நான்கு புத்தர் உருவங்களைச் செதுக்கிய கல் விகாரையும் அவன் காலத்ததே. நிற்கும் உருவம் சுமார் 7 மீட்டர் உயரம். கைகளை மார்பின்மேல் மடித்திருப்பதால் அதைப் புத்தரின் சீடர் ஆனந்தர் என்பாரும் உண்டு. சயனத் திருவுருவம் 14 மீட்டர் நீளம். தலையணை, தலையின் பாரத்தில் அமுங்கியிருப்பதைச் சிற்பி கல்லிலேயே காட்டியிருக்கிறான். பாறையின் வரியோட்டம் முகத்தின் குறுக்கே ஓடியும் அமைதி குலையவில்லை. நேரம் குறைவானால் மற்றவற்றை விட்டுவிட்டாவது இங்கே அமர வேண்டும்.

வட்டதாகே என்னும் வட்டக் கோயில், திவங்க படிமக்கூடத்தின் ஜாதகக் கதை ஓவியங்கள், மன்னன் நிசங்கமல்லனின் கல்பொத்த என்னும் கல்வெட்டு ஆகியவையும் காணத்தக்கவை.

இடிபாடுகள் பரந்து கிடப்பதால் மிதிவண்டி வசதியானது. வழிபாட்டிடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். நண்பகலில் கல்தரை காலைச் சுடும் என்பதால் காலையிலேயே தொடங்குவது நல்லது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது அவமதிப்பாகக் கருதப்படும். முதலில் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்: அழிந்த கூரைகளும் மாடிகளும் எவ்வாறு இருந்திருக்கும் என்று காட்டும் மாதிரிகளும், சிவ தேவாலயங்களில் கிடைத்த வெண்கலப் படிமங்கள் சிலவும் அங்குள்ளன. ஏனைய படிமங்களைக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் காணலாம்.