ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள்

பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில் 'சான் மின்' என்னும் பெயரில் இரண்டு சீன உயர்நிலைப்பள்ளிகள் உள்ளன. ஒன்று அரசாங்க உதவி பெறுவது. மற்றொன்று தனியார் பள்ளி. சித்தியவானில் நான் ஹுவா, கம்பாரில் பெய் யுவான், தைப்பிங்கில் ஹுவா லியான் ஆகியனவும் இவ்வாறே இரட்டையராய் விளங்குகின்றன. இஃது எங்ஙனம் நேர்ந்தது?

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பயிற்று மொழியை மாற்றிக்கொண்ட உயர்நிலைப்பள்ளிகளுக்கே முழு உதவி உண்டு என வகுத்தது. பல பள்ளி வாரியங்கள் அதற்கு இசைந்தன. ஆயினும் சீன மொழியிற் பயிற்றும் தனிப்பிரிவொன்றைத் தம் பொறுப்பிலேயே நிறுத்திக்கொண்டன. உயர்நிலை நுழைவுத் தேர்வில் தவறிய பிள்ளைகளுக்கு அப்பிரிவுகள் புகலிடமாயின. 1965இல் அத்தேர்வின்றி யாவரும் உயர்நிலைக்குச் செல்லும் முறை வந்ததும், மாணவர் தொகை குறைந்து அவை நலிந்தன.

மாற்றம் 1973இல் பிறந்தது. பேராக்கின் ஒன்பது தனியார் பள்ளிகளுக்காகவும் பத்து இலட்சம் வெள்ளி திரட்ட மாநில வாரியச் சங்கம் முனைந்தது. வணிகரோடு தெருவோர வியாபாரிகளும் பொருள் வழங்கினர். அவ்வாண்டின் இறுதியில் அவ்வியக்கம் நாடெங்கும் பரவியது. 1954இல் தோன்றிய 'டோங் ஜோங்' என்னும் வாரியக் கூட்டமைப்பு முன்னின்று உழைக்க, 1975இல் பொதுத் தேர்வு தொடங்கிற்று. பொதுவான பாடநூல்களும் உருவாயின. ஈப்போவின் பெரிய பள்ளிக்கும் சிற்றூர்ப் பள்ளிக்கும் ஒரே அளவுகோல் கிடைத்தது. தனித்து நின்றபோது புகலிடமாக இருந்தவை, சங்கமாய் இணைந்தபின் நாடிச் சேரும் பள்ளிகளாயின.

தமிழர் நிலையோ வேறு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்கச் செய்தது. பள்ளி முதலாளியின் கையில் இருந்தது; தோட்டம் கைமாறியபோது பள்ளியும் ஆட்டம் கண்டது. கூலியை நம்பி வாழ்ந்த மக்களிடம் வணிகரின் பொருள்வளத்தை எதிர்பார்த்தல் நேர்மையன்று. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பாகான் டத்தோப் பிள்ளைகளும் அதன்பின் வேற்றுமொழியிற் பயிற்றும் பள்ளிகளுக்கே செல்கின்றனர்.

எனினும் ஒரு வாயில் திறந்துள்ளது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, உயர்நிலைப்பள்ளியொன்றில் பதினைந்து மாணவரின் பெற்றோர் வேண்டினால் தமிழ் கற்பிக்க வழியுண்டு. இதற்குப் பத்து இலட்சம் வெள்ளி வேண்டுவதில்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோரை ஒருங்கு கூட்டிக் கையொப்பம் பெறுவோர் இருத்தல் வேண்டும். அப்பணிக்குத் தமிழாசிரியரினும் உரியவர் யாவர்?