மாம்பழமும் கார்பைட் கல்லும்: தடைக்குரிய பிரமாணம் எது?

மும்பை கிராபோர்ட் சந்தையில் நெடுங்காலம் நடந்துவந்த மொத்தப் பழ வியாபாரம் 1996இல் வாஷிக்குப் பெயர்ந்தது. அதே ஆண்டில் சென்னைக் கொத்தவால் சாவடியின் வியாபாரம் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது தற்செயலே எனினும், மாம்பழக் காலத்தில் இவ்விரு சந்தைகளும் ஒரே குற்றச்சாட்டுக்கு இலக்காகி வருவதைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. ரத்தினகிரியிலிருந்தும் தேவ்கட்டிலிருந்தும் வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் காயாக வந்திறங்கும் அல்போன்சாவைச் சில நாட்களிலேயே மஞ்சளாக்கிவிட, காகிதத்தில் பொதிந்த கார்பைட் கல்லை இடையே செருகி மூடிவிடும் வழக்கமே அக்குற்றச்சாட்டின் பொருள். அதை உண்டவருக்குப் புற்றுநோய் வரும் என்று மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் பழம் வாங்கும் நம் தமிழர் ஐயமின்றி நம்புகின்றனர். தடை நியாயமானதே, ஆயின் அதற்கு ஆதாரமாக ஜனங்கள் கூறும் காரணம் அத்தனை உறுதியானதன்று என்பதும், உறுதியான காரணம் வேறிடத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கால்சியம் கார்பைடு காற்றின் ஈரத்தோடு கூடி அசிட்டிலீன் வாயுவையும் சுண்ணத்தையும் தருகிறது. காய் தன்னுள்ளேயே சுரந்து கனிவதற்குக் காரணமான எத்திலீனின் வேலையை அசிட்டிலீனும் ஓரளவு செய்யும். ஆயினும் அதன் வலிமை எத்திலீனைவிட மிகக் குறைவு. வாழைத்தாரைக் குழியிலிட்டு மூட்டம் போட்ட நம் முன்னோர், புகையிலுள்ள எத்திலீனைப் பெயரறியாமலே பயன்படுத்தியவர்கள். எனவே செயற்கையாகப் பழுக்க வைத்தல் என்பது தன்னளவில் புதுமையுமன்று, தோஷமுமன்று. கார்பைடில் விஷமாவது அசிட்டிலீன்கூட அன்று. வெல்டிங் பட்டறைக்கென்று செய்யப்பட்ட அந்தக் கல்லில் அசுத்தங்களாகக் கலந்திருக்கும் பாஸ்பரஸ், ஆர்சனிக் சேர்மங்களே. அவை ஈரம் பட்டதும் பாஸ்பீனாகவும் ஆர்சைனாகவும் வெளிப்படுகின்றன. முன்னது தானியக் கிடங்குகளில் பூச்சிகளைக் கொல்லப் பயன்படும் வாயு. பின்னது இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைப்பது.

இனி, உண்பவரின் நிலை யாது? ஆர்சனிக் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் உறுதி செய்த உண்மை. ஆனால் அவ்வுண்மையிலிருந்து, ஒரு பருவத்தில் சில டஜன் பழங்களைத் தோல் சீவி உண்டவருக்கும் அந்நோய் வரும் என்று அநுமானிப்பது அளவு என்னும் பிரதான விஷயத்தை மறந்த தர்க்கமாகும். தலைச்சுற்றல், ஓயாத தாகம், விழுங்குவதில் சிரமம், வாந்தி, தோற்புண் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எடுத்துக்காட்டும் கோளாறுகள் அலட்சியப்படுத்தத் தக்கவையல்ல. எனினும் பழத்தில் தங்கும் எச்சம், கல்லின் தரத்தையும், அது பழத்தைத் தொட்டதா என்பதையும், பழம் கழுவப்பட்டதா என்பதையும் பொறுத்துப் பெரிதும் மாறும். இவ்வாறு மாறும் அளவுக்கு எவரும் உத்தரவாதம் தர இயலாது என்பதே உண்பவர் சார்பில் தடைக்குப் போதிய காரணம். புற்றுநோய்ப் பயமுறுத்தல் அதற்குத் தேவையில்லை. (புறத்தே பொன்னிறமும் அகத்தே புளிப்புமான பழத்தை விலை கொடுத்து வாங்கியவனின் ஏமாற்றம் வைத்திய சாஸ்திரத்தின் எல்லைக்கு உட்பட்டதன்று.)

பெட்டியைத் திறப்பவன், அடுக்குபவன், பொட்டலம் மடிப்பவன் ஆகியோரின் நிலை முற்றிலும் வேறு. மூடிய கூடத்தில் திரளும் வாயு முதலில் புகுவது அவர்களுடைய மூச்சில். எஞ்சும் சுண்ணம் வேர்த்த கையையும் கண்ணையும் அரிக்கும். அசிட்டிலீனோ ஒரு பொறி பட்டால் வெடிக்கும். நுகர்வோனுக்குச் சில வேளைகளில் நேரும் அபாயம் இவர்களுக்குப் பருவம் முழுவதும் நாள்தோறும் நேர்வது. தடைக்குரிய வலிய பிரமாணம் இதுவே.

சட்டமோ பழத்தையே நோக்கி நின்றது. 1955ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடை விதிகளில் இடம்பெற்ற 44ஏஏ விதியும், அதன் வழிவந்த 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையும் அசிட்டிலீனால் பழுத்த கனியை விற்பதைத் தடுத்தன. ஆனால் அசிட்டிலீன் காற்றில் கலந்து போய்விடுவதால், பழத்தைக் கொண்டு குற்றத்தை மெய்ப்பிப்பது கடினம். 2016இல் 100 பிபிஎம் வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த அநுமதி வழங்கப்பட்டது வியாபாரிக்கு நேர்வழியைக் காட்டியது. 2025இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பழக்கூடைகளின் அருகே கார்பைடு இருப்பதையே சந்தர்ப்ப சாட்சியமாகக் கொள்ளலாம் என்று அறிவித்தபோதுதான் பார்வை பழத்திலிருந்து கிடங்குக்குத் திரும்பியது. கிடங்கிலுள்ள மனிதன்மேல் அது இன்னும் போதிய அளவு திரும்பவில்லை.

அதைத் திருப்ப ஒரு வழி உண்டு: சுமை தூக்கும் தொழிலாளருக்கென்றே 1969இல் மாத்தாடிச் சட்டம் இயற்றிய மகாராஷ்டிரத்தில், பதிவு பெற்ற தொழிலாளரின் சிறுநீரில் ஆர்சனிக் அளவைக் கோடைப் பருவத்தின் நடுவிலும் மழைக்காலத்தின் நடுவிலும் சோதித்து ஒப்பிடுவது எளிதில் நடத்தக்க ஆய்வு. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாகிவிடுவர். கொங்கணக் கரையில் மீன் உண்போர் மிகுதி என்பதால், மீனிலிருந்து வரும் தீங்கற்ற கரிமச் சேர்ம ஆர்சனிக்கைக் கனிமச் சேர்ம ஆர்சனிக்கிலிருந்து பிரித்தளக்க வேண்டும். அவ்வாறு பிரிக்காது மொத்த அளவை மட்டும் கொண்டு முடிவு கட்டினால் பழியை மீனும் பழமும் மாறி மாறிச் சுமக்க நேரும்.