குனிந்து நிமிர்ந்த வட்டம்

மதுரைக்குப் புறத்தே ஆயர்பாடியில் ஒரு விடியற்காலை. அரண்மனைக்கு நெய் கொடுக்கும் முறை அன்று மாதரி வீட்டுடையது. கடைகயிறும் மத்துமாக வந்து பார்க்கிறாள்: குடத்துப் பால் தோயவில்லை, உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை, பசுக்களின் கழுத்துமணிகள் அறுந்து விழுகின்றன. முடித்தாக வேண்டிய வேலை முடங்கிவிட்டது. ஏதோ கெட்டது வரப்போகிறது என்ற நடுக்கமும் சேர்ந்துகொண்டது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை இப்படித்தான் தொடங்குகிறது. மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு இட்டு, கைகோத்து ஆடச் செய்கிறாள். கறவையும் கன்றும் துயர் நீங்கட்டும் என்பதே அவள் சொல்லும் காரணம். சொன்னது மாடுகளின் பேரில். கோத்துக்கொண்டவை பால் கறந்து, தயிர் கடைந்து, அன்று நடுங்கிப்போயிருந்த கைகள். உழைக்கும் பெண்களின் ஆட்டத்தை நாம் திருவிழாக் கேளிக்கை என்றோ கலை என்றோ மட்டும் வகைப்படுத்திவிட்டோம். அது உடலும் மனமும் ஓய்ந்து விழாமல் காத்த ஒரு ஏற்பாடு என்பதற்கு இந்தக் காட்சியே முதல் சாட்சி.

குரவைக்கும் இன்றைய கும்மிக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உண்டு. இடைக்காலத்தில் மாணிக்கவாசகர் பொற்சுண்ணம், தெள்ளேணம், தோணோக்கம், பொன்னூசல் என்று பெண்கள் சுண்ணம் இடிக்கும்போதும் விளையாடும்போதும் பாடிய வடிவங்களையே பதிகங்களாக்கினார். அவரவர் வாசலில் அவை அவ்வளவு பழகியிருந்தன. ஆனால் என் வாதத்துக்கு நூல்களைவிட வலுவான சான்று கும்மியின் அசைவுகளிலேயே இருக்கிறது. நடவு நடும் பெண்ணைப் பாருங்கள். நாற்று முடியைப் பிரித்து, சேற்றில் பின்னோக்கி நடந்தபடி, பொழுதெல்லாம் இடுப்பை மடித்தே நிற்கிறாள். நிமிர்ந்தால் வரிசையில் பின்தங்கிவிடுவாள். கும்மியிலும் குனிவு உண்டு. ஆனால் ஒவ்வொரு குனிவுக்கும் ஒரு நிமிர்வு உண்டு. உள்நோக்கிக் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து பக்கவாட்டில் ஒரு தட்டு, அதற்குள் கால் ஒரு அடி நகர்ந்திருக்கும். ஒருத்தி அடியெடுத்துப் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவதால் மூச்சும் அளவுக்கு வந்துவிடும். முதலில் நிதானம், உடம்பு சூடேறிய பிறகே வேகம். வயலில் முடிக்காமல் விட்ட அசைவை வாசலில் முடித்துவைப்பது போன்றது இது. வயலில் வரிசை, அதில் முந்துபவளும் பிந்துபவளும் உண்டு. வட்டத்தில் யார் முதல், யார் கடைசி?

காலத்தையும் கவனிக்க வேண்டும். மதுரை, இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் முளைப்பாரி எடுக்கும் ஊர்களில் நவதானியத்தைப் பாரி ஓடுகளில் விதைத்து, வெயில் படாத வீட்டுக்குள் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். கடைசி நாளில் அதைத் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய் நீரில் கரைப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய இரவுகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அடுப்பு வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பெண்கள் கூடி நடுவில் பாரியை வைத்துச் சுற்றிச்சுற்றிக் கும்மி கொட்டுவார்கள். ஒரு நாள் கூத்து அல்ல, அடுத்தடுத்த இரவுகள். பல ஊர்களில் இது ஆடியில் வரும். ஆடிப்பட்டம் தேடி விதைத்த பிறகு நாற்று, நடவு, களை என்று பெண்களின் முதுகு மேல் ஏறும் மாதங்கள் தொடங்கிவிடும். பாரம் ஏறுவதற்கு முன்பே உடம்பைத் தளர்த்தி, கூட்டாளிகளோடு சேர்த்துக் கட்டிவைக்கிற இந்த வைப்புமுறையை நான் தற்செயலானதாக நினைக்கவில்லை.

இது வழிபாடு, ஓய்வு அல்ல என்று மறுக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. அலுப்பாக இருக்கிறது என்று சொல்லி மருமகள் அந்திக்கு மேல் வீட்டை விட்டு இறங்க முடிந்திருக்காது. அம்மனுக்கு என்று சொன்னால் மாமியாரும் கூட வந்தாள். நேர்த்திக்கடன் என்பது அனுமதிச் சீட்டு. இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று: கும்மி கூலியை உயர்த்தவில்லை, வேலை நேரத்தைக் குறைக்கவில்லை, அந்த வட்டமே சாதிக்கு ஒன்றாகத் தெருவுக்குத் தெரு பிரிந்து கிடந்தது. மறுப்பு முழுக்க உண்மை. குரவை ஆடியதால் காப்பியத் தலைவன் கோவலன் உயிர் பிழைக்கவில்லை என்பதையும் அதே காப்பியம் சொல்கிறது. ஆட்டம் நீதிக்கு ஈடாகாது. ஆனால் நீதி கேட்க எழுந்து நிற்கவும் முதுகு வேண்டும். பாரதி பெண் விடுதலையைப் பாட வந்தபோது கும்மியைத் தேர்ந்தெடுத்ததற்கு, பெண்கள் ஒன்றுசேர்ந்து குரல் எழுப்பிப் பழகிய இடம் அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் கும்மி ஏன் தேய்ந்தது? நடவு குறைந்தது, ஊர் பெயர்ந்தது, தொலைக்காட்சி வந்தது, எல்லாம் சரி. நான் முக்கியமாகக் கருதுவது பார்வையாளரின் வருகையை. 1890களில் சென்னையில் எழுந்த நாட்டிய எதிர்ப்பு இயக்கம் பெண் ஆடுவதையே சந்தேகத்துக்கு உரியதாக்கியது. சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டிக் கோயில் தேவதாசிகளாக்குவதை 1947இன் சட்டம் தடுத்தது, தடுத்தே ஆகவேண்டியதுதான். இடையில் 1936இல் கலாக்ஷேத்திரா நடனப் பள்ளி தோன்றியது. தேவதாசிகள் ஆடிய சதிர் பரதநாட்டியமாக மதிப்புப் பெற்றது. இந்தப் பெரிய மாற்றங்களுக்கு நடுவே ஒரு சின்ன இழப்பு: ஆட்டம் என்றால் ஆண்டுக்கணக்கில் பயின்று அரங்கேறுவது, இல்லையேல் கூச்சப்பட வேண்டியது என்று ஆகிவிட்டது. கும்மிக்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டாம். எல்லார் முகமும் உள்ளே, முதுகு வெளியே. பள்ளி ஆண்டுவிழா மேடையில் அந்த வட்டத்தைப் பாதியாக அறுத்து, கூட்டத்தைப் பார்த்த பிறைவடிவமாக நிறுத்துகிறோம். அந்த நிமிடத்தில் அவரவர் உடம்புக்காக ஆடியது போய், பிறர் கண்ணுக்காக ஆடுவது வந்துவிடுகிறது.

ஆட்டம் தேய்ந்தது, களைப்பு தேயவில்லை. வேலைப்பளுவால் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோகும் நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் விரிவான வரையறை கொடுத்தது, பணியிடத்து நிகழ்வாக மட்டும். அதே 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரிந்தது. கிட்டத்தட்ட அந்த ஐந்து மணி நேரம் அந்த வரையறைக்குள் வரவே இல்லை. ஆனால் கொங்குப் பகுதியில் கும்மிக்கு வேறொரு கதை நடக்கிறது. அங்கே வள்ளி ஒயில் கும்மி ஆண்களின் ஆட்டமாக இருந்தது. மேட்டுப்பாளையம் பக்கத்துக் கும்மி ஆசிரியர் பத்திரப்பன் அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் ஆடும் அரங்கேற்றங்களைப் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அரங்கேற்ற நாளைவிட அதற்கு முந்தைய பயிற்சி நாட்களே பெரிதாகப் படுகின்றன. அடி தவறினால் பக்கத்துக்காரி தோளைத் தொட்டுத் திருப்பிவிடுகிறாள். படம் எடுக்க அங்கே யாரும் நிற்பதில்லை.