உழைப்பால் உயர்ந்தோமா? – யாழ்ப்பாணத்து உத்தியோகம் பற்றிச் சில குறிப்புகள்

சென்ற ஆண்டு ரொறன்ரோப் புறநகர் ஒன்றில் ஒரு திருமண வரவேற்பு. மணமகள் வைத்தியர், மணமகன் பொறியியலாளர். வாழ்த்துரை வழங்க எழுந்த ஊர்ப் பெரியவர் வழமைபோல எம்மவர் பெருமையில் தொடங்கினார். "எங்கட ஆக்கள் வெறுங்கையோட வந்து, நாளுக்குப் பதினாறு மணித்தியாலம் நிண்டு உழைச்சு முன்னுக்கு வந்தவை. அந்த நாளையில மலாயாவிலயும் அப்பிடித்தான், இஞ்சையும் அப்பிடித்தான். உழைக்கிறவன் உயருவான். உயரேல்லையெண்டால் அவன் உழைக்கேல்லை." மண்டபம் கைதட்டியது.

எமது மேசையில் இருந்த நண்பர் மட்டும் கைதட்டவில்லை. ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர் அவர். இங்கு வந்து 26 ஆண்டுகள் உணவகங்களில் கோப்பை கழுவினார். இரவில் அலுவலகங்களைத் துப்புரவாக்கினார். இன்று அவரது முழங்கால்கள் இரண்டும் மடங்குவதில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அப்ப நான் உழைச்சது காணாதெண்டோ சொல்லுறார்?"

அந்த நேரம் எம்மிடம் பதில் இருக்கவில்லை. வீடு திரும்பிய பின்னரும் அக்கேள்வி எம்மை விடவில்லை. எமது சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளுள் மிகப் பழையதும் மிக விருப்பமானதும் இந்த உழைப்புக் கதைதான். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

*

யாழ்ப்பாணத்தவர் உழைப்பாளிகள் என்பதில் பொய்யில்லை. ஆறு இல்லாத மண். கிணற்றை நம்பிய தோட்டம். விடியப்புறம் இருட்டோடு துலாவில் ஏறியவர்கள் வெயில் ஏறும்வரை முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். கிணற்றடியில் ஒருவர் பட்டை பிடித்து இறைப்பார். இன்னொருவர் வாய்க்கால் மாறித் தண்ணீர் கட்டுவார். அப்படி வளர்ந்த புகையிலை திருவிதாங்கூர் வரை போய் விலைப்பட்டது. ஆனால் இந்த உழைப்பு பிரித்தானியர் வந்த பிறகு தொடங்கியதல்ல. தலைமுறை தலைமுறையாகத் துலா மிதித்தவரின் மகனும் துலாவையே மிதித்தான். உழைப்பு இருந்தது, உயர்வு இருக்கவில்லை.

பிறகு என்ன மாறியது? 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினர். அவர்கள் தெற்கில் நிலைகொள்வதைப் பிரித்தானிய ஆட்சி விரும்பாததாலேயே வடக்கு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை. கிறிஸ்தவப் பள்ளிகளோடு போட்டியிட்டுச் சைவர்களும் பள்ளிகளை நிறுவினர். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்களே. ஒரு சின்னக் குடாநாட்டில் இத்தனை ஆங்கிலப் பள்ளிகள் எழுந்ததற்கு எமது பாட்டன்மாரின் விடாமுயற்சி முதற் காரணமல்ல. கடல் கடந்த ஒரு மிசன் சபையின் தீர்மானமும் ஓர் அந்நிய அரசின் கணக்கும் அதற்குக் காரணங்கள். கதவு திறந்த பின்னர்தான் முயற்சிக்கு வேலை வந்தது.

வந்த வேலையை அவர்கள் வீணாக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குப்பி விளக்கின் கீழ் ஆங்கில இலக்கணத்தையும் கணக்கையும் நெட்டுருப் போட்டார்கள். 'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்' என்ற பழமொழி பிறந்தது. தோட்டத்தில் விடியப்புறம் எழும்பிய பழக்கம் பரீட்சைக்கும் கைகொடுத்தது. ஆனால் இலங்கையில் கிளாக்கர் நாற்காலிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. படித்தவர் தொகை பெருகப் பெருக வெளியே பார்க்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் மலாயா வந்தது.

*

மலாயாவின் முதல் றெயில் பாதை தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட்டிற்கும் இடையே 1885இல் திறக்கப்பட்டது. ஈயச் சுரங்கங்களும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் விரிய, ஆங்கிலம் எழுதத் தெரிந்த, வெள்ளையரைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கக்கூடிய ஆட்கள் பிரித்தானியருக்குத் தேவைப்பட்டார்கள். மலாயாவில் பதவி வகித்த அதிகாரிகள் சிலர் முன்னர் இலங்கையில் பணியாற்றியவர்கள். 1901இல் கூட்டு மலாய் அரசுகளின் றெயில்வேக்குத் தலைமையேற்ற ஸ்பூனர் இலங்கையின் பொதுவேலைத் திணைக்களத்திலிருந்து போனவர். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கப்பலேறினார்கள். றெயில்வே, நில அளவை, தபால், திறைசேரி என எங்கும் அவர்கள் அமர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைக்கும் பாதை 1905இல்தான் பூர்த்தியானது. தன் சொந்த ஊருக்குக் கொழும்பு றெயில் வருமுன்னரே மலாயாவில் பச்சைக்கொடி காட்டிய யாழ்ப்பாணத்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

மணியோடர் வந்தது. கல்வீடுகள் எழுந்தன, கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன, 'மலாயா மாப்பிள்ளை'க்குச் சீதன விலை ஏறியது. எங்கள் ஊரிலும் ஒரு மலாயன் பென்சனியர் இருந்தார். நாம் சிறுவர்களாக இருந்த காலத்தில் அவர் கிழவர். விடிய நாலு மணிக்கு எழும்பும் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. "முப்பத்தொரு வருஷத்தில ஒருநாள்கூட நான் பிந்திப் போனதில்லை" என்பார். அடுத்து அவர் சொல்வதை அந்நாளில் நாம் கவனிக்கவில்லை. சீமையிலிருந்து புதிதாக வந்த வெள்ளைப் பொடியன்களுக்குக் கோவை பார்க்கவும் கடிதம் எழுதவும் அவர்தான் பழக்குவாராம். பழகியவர்கள் இரண்டொரு வருடத்தில் அவருக்கு மேலதிகாரிகளாகி விடுவார்களாம். அவர் தலைமைக் கிளாக்கராகவே ஓய்வு பெற்றார்.

இது ஒருவரின் தலைவிதியல்ல, எழுதப்பட்ட சட்டம். பின்னாளில் மலாயன் சிவில் சேர்விஸ் என அறியப்பட்ட உயர் நிர்வாக சேவைக்கு விண்ணப்பிப்போர் தாய் தந்தை இருவர் வழியிலும் தூய ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டுமென 1904இல் விதிக்கப்பட்டது. இலங்கையில் அப்படியொரு விதி இருக்கவில்லை. 1875இலேயே பொன்னம்பலம் அருணாசலம் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்தார். அவரும் குப்பி விளக்கிலிருந்து போனவரல்லர். கொழும்பின் செல்வக் குடும்பம் ஒன்றிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போனவர். ஒரு பென்சனியரின் 31 வருட நேரந்தவறாமை அவரைத் தலைமைக் கிளாக்கர் நாற்காலி வரை கொண்டுபோனது. அதற்கு மேலே உழைப்பு செல்லாக்காசு.

*

இனி, அந்த மலாயா றெயில் பாதையைப் போட்டவர்கள் யார்? காட்டை வெட்டிச் சல்லி போட்டவர்களிற் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள். அவர்களோடு இலங்கையிலிருந்து போன பயனியர் படையினரும் இருந்தனர். ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன்னர் பிரட்டுக்கு நின்று, இருட்டிலே மரம் சீவப் போனவர்களும் தமிழர்களே. அவர்களது நேரத்தைச் செக்ரோலில் பதிந்த கிராணிமாருள் யாழ்ப்பாணத்தவர் பலர். ஒரே மொழி, ஒரே தோட்டம். ஒருவர் மற்றவரைவிடக் குறைவாக உழைத்தாரென்று யாரும் சொல்ல முடியாது. கிராணியின் மகன் பள்ளிக்கூடம் போய் உத்தியோகத்தனானான்; பால் மரம் சீவியவரின் மகன் பால் மரமே சீவினான். 1942–43இல் யப்பானியர் சியாம்–பர்மா றெயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது ஆயிரமாயிரமாய்ப் போய் மாண்டவர்களும் அந்தத் தோட்டத் தொழிலாளரே. மற்றவர் உழைத்த மணித்தியாலங்களை எழுதும் இடத்தில் எம்மவர் இருந்தார்கள் என்பதை எமது உழைப்புக் கதை சொல்வதில்லை.

இலங்கைக்கு வந்தாலும் இதே கதைதான். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள் கோப்பிக்கும், 1867க்குப் பின் தேயிலைக்கும் மலையைத் திருத்தினார்கள். உழைப்புத்தான் உயர்வு தருமென்றால் இலங்கையில் முதலில் உயர்ந்திருக்க வேண்டியவர்கள் மலையகத் தமிழர்கள். அவர்களுக்குக் கிடைத்தது 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு ஒரு வாக்குச் சீட்டுக்குக்கூடப் பெறுமதியற்றுப் போனது.

யாழ்ப்பாணத்துக்குள்ளேயே பார்ப்போம். துலாவில் மிதித்தவர்கள் எல்லோரும் சொந்தத் தோட்டத்தில் மிதித்தவர்களல்லர். ஒடுக்கப்பட்ட சாதியாரின் பிள்ளைகள் பல பள்ளிகளில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டுமென்ற உத்தரவுக்கு எதிர்ப்பாகப் பள்ளிக்கூடங்களே எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் வெள்ளையரோ சிங்களவரோ அல்லர். 1904இல் பிரித்தானியர் எமக்கு மேல் போட்ட கூரையை நாமும் எமக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்டு வைத்திருந்தோம்.

அதோடு, அந்தக் குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் விட்டது யார்? பரீட்சைக் கட்டணத்துக்குத் தாலிக்கொடியை ஈடு வைத்த தாய்மாரும், தம்பி படிக்கத் தமது படிப்பை நிறுத்திய அக்காமாரும் எந்த உத்தியோக வரலாற்றிலும் இல்லை. அவர்களது நாளுக்கு மணித்தியாலக் கணக்கே கிடையாது.

*

சுதந்திரத்தின் பின் நடந்தவை எம்மில் அநேகர் நேரே அனுபவித்தவை. விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. கந்தோரில் இருபது வருடம் கறுப்புக் கோட்டோடு உழைத்தவர்கள் சிங்களப் பரீட்சையில் தேறினால்தான் சம்பள உயர்வு என்ற நிலைக்கு வந்தார்கள். பலர் வேலையை விட்டே விலகினார்கள்.

1971இல் தரப்படுத்தல் வந்தது. மருத்துவ பீடங்களுக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளிகள் போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். ரியூசன் கொட்டில்களில் விடியவிடியப் படித்த ஒரு தலைமுறை, அந்த 21 புள்ளி வித்தியாசத்தை இன்னும் சில மணித்தியாலப் படிப்பால் ஈடுசெய்யலாமென முதலில் நம்பியது. பின்னர், படிப்பால் கடக்க முடியாத வித்தியாசம் அது என உணர்ந்தது. அதன் பிறகு நாட்டில் நிகழ்ந்தவற்றுக்கு அந்த உணர்வும் ஒரு காரணம். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தைப் பாதித்தாலும், வசதி குறைந்த பள்ளிகளில் படித்த மன்னார், வவுனியா மாணவருக்குச் சிறு வழி திறந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை மட்டும் உழைத்த பிள்ளையல்ல.

*

1983க்குப் பின் நாம் சிதறினோம். இங்கும் வழி திறந்த இடமும் அடைத்த இடமும் வெவ்வேறு. ஒரே வீட்டுச் சகோதரர்கள் இருவரை எண்ணிப் பாருங்கள். கனடா வந்தவர் சில வருடங்களில் வதிவிட உரிமை பெற்று, இரண்டு வேலை செய்து வீடு வாங்கினார். ஜேர்மனியில் இறங்கியவர், தஞ்சம் கோரியோருக்கு வேலைத்தடை இருந்த காலத்தில், ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டவும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் அதே துலாவடியில் வளர்ந்தவர்கள்தான்.

எமது பிள்ளைகள் படித்து உயர்ந்ததில் தாய் தகப்பனின் இரவு வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. அதே அளவு பங்கு காசு கேட்காத அரசாங்கப் பள்ளிக்கும், நூலகத்துக்கும், மாணவர் கடனுக்கும் உண்டு. அவற்றுக்காக இந்நாடுகளின் சாதாரண மக்கள் போராடியிருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தின் பலனை நாம் வந்த நாளிலிருந்தே அனுபவித்தோம்.

எமது நண்பருக்கு வருவோம். இங்கு வந்திறங்கியபோது அவருக்கு வயது 38. அவரது ஆசிரியச் சான்றிதழ் இங்கே செல்லவில்லை. மீண்டும் படித்திருக்கலாம், மூன்று நான்கு வருடம் வேண்டும். ஏஜென்சிக் கடன் கழுத்தில் நின்றது. ஊரில் தங்கை கலியாணத்துக்குக் காத்திருந்தாள். சித்தப்பாவின் மகன் கொழும்பு லொட்ஜில் பிடிபடாமல் ஒளித்துத் திரிந்தான். நண்பர் கோப்பை கழுவப் போனார். அந்தச் சித்தப்பா மகனைக் காசு கட்டி இங்கு எடுப்பித்தவர் அவர்தான். அன்று மணவறையில் இருந்த பொறியியலாளர் அந்தச் சித்தப்பா மகனின் மூத்த பிள்ளை. பெரியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நண்பரும் சொல்லிக்கொள்கிறவரல்லர்.

உழைக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் வரவில்லை. உழைப்பில்லாமல் திறந்த கதவாலும் நுழைய முடியாது. எமது பாட்டன்மாரின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி. ஆனால் உயர்ந்தவன் மட்டுமே உழைத்தவன் என்று சொல்லிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை நாளைக்கு இரவு அலுவலகத்தில் தரை துடைக்கும் மனிதனைப் பார்த்து என்ன நினைக்கும்? அவர் எந்த நாட்டிலிருந்து வந்தாரென்றோ, ஊரில் என்ன படிப்பித்தாரென்றோ கேட்குமா?

ஆகவே அன்று சொல்ல முடியாமற்போன பதிலை இங்கே எழுதி வைக்கிறோம். நீங்கள் உழைத்தது காணும், நண்பரே. அது வேறொருவர் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த கொண்டாட்டத்தில் எழுந்து பேசப்போகும் பெரியவர்கள், பேசுமுன் மண்டபத்தின் கடைசி மேசைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டுமென்பதே எமது வேண்டுகோள்.