நாடாளுமன்றங்களுக்கு இடையேயான ஒன்றியம்

உலக நாடுகளின் நாடாளுமன்றங்களை இணைக்கும் அமைப்பு. தலைமையகம் ஜெனீவா. போரைத் தவிர்த்து, நடுவர் தீர்ப்பால் பூசல்களை முடிக்க வேண்டும் என்ற நோக்குடன் 1889-இல் பாரிஸில் தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் இருவர்: பிரான்சின் பிரெடெரிக் பாசி, தச்சுத் தொழிலாளியாக இருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சென்ற வில்லியம் ராண்டல் கிரீமர். பாசி 1901-லும் கிரீமர் 1903-லும் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றனர்.

ஒன்றியத்தின் பணிகளில் தலையாயது, 1976-இல் உருவான, நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைகளுக்கான குழுவின் பணி என்றே சொல்ல வேண்டும். சிறையிடப்பட்ட, கொல்லப்பட்ட மக்கள் பிரதிநிதிகளுக்காக இக்குழு அரசுகளிடம் விளக்கம் கேட்கிறது. மட்டக்களப்பில் 2005 கிறிஸ்துமஸ் ஆராதனையின்போது சுட்டுக் கொல்லப்பட்ட இலங்கை நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தின் வழக்கையும் அது எடுத்துக்கொண்டது. தண்டிக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. ஆனாலும் கொலைகள் மறக்கப்படாமல் காப்பது பெரும்பணி.

ஒன்றியத்துக்கு 2002 முதல் ஐ.நா. பொதுச்சபையில் பார்வையாளர் தகுதி உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் ஒன்றியத்தில் உறுப்பினர் அல்ல.